கணக்குக் காட்டாதவனின் தங்கை

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் 23 ரூபாய்க்குக் கணக்கு இடிக்கிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் இரண்டு வாரமாக அந்த வகுப்புக்குள் நுழைந்தால் முதல் பத்து நிமிஷம் அந்த 23 ரூபாய்க்கே போய்விடுகிறது. இதற்குக் காரணம் நான்தான். சரியாகச் சொன்னால், நானும் பராந்தக சோழனும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். 17 வருஷம் ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பில் மக்களாட்சி, ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி. வருஷா வருஷம் இந்தப் பாடங்கள் வரும், போகும். எல்லாரும் நடத்துகிற மாதிரிதான் நானும் நடத்திக்கொண்டிருந்தேன். குடவோலை, உத்திரமேரூர், உலகத்துக்கே தேர்தலைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம், கைதட்டுங்கள். அப்புறம் ஊராட்சிகளுக்கான 73வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்றடுக்கு முறை, கேள்வி பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அவ்வளவுதான்.

இந்த வருஷம் பிள்ளைகளை உத்திரமேரூருக்கே கூட்டிப்போனேன். எங்களுக்குப் பக்கம்தான், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைச் சுற்றி வரி வரியாகக் கல்வெட்டு. பிள்ளைகள் பொம்மை பார்க்கிற ஆவலில் வந்தவர்கள், வெறும் எழுத்தைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனார்கள். ஒருத்தி மட்டும் கல்லோடு மூக்கை ஒட்டிவைத்து “மிஸ், இது ‘ம’ மாதிரி இருக்கு” என்றாள். அதன்பிறகு எல்லாரும் சுவரைச் சுற்றி எழுத்து வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் கையோடு கொண்டுபோயிருந்த கல்வெட்டுப் பாடத்தின் ஜெராக்ஸை மண்டபத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

கல்வெட்டுகள் இரண்டு. முதலாவது 919இல், பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில். அடுத்தது 921இல். இரண்டே வருஷத்தில் விதிகளைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். 30 வயதுக்கு மேல் 60க்குள் என்று இருந்தது, 35க்கு மேல் 70க்குள் என்று மாறியது. “அப்பவே ரூல்ஸ மாத்திட்டாங்களா?” என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு அது ஏதோ மோசடி மாதிரித் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் இருக்கிறதிலேயே பிடித்த விஷயம். ஒரு விதியைப் போட்டுப் பார்த்து, சரிவரவில்லை என்று தெரிந்ததும், முந்தினதைச் செதுக்கி அழிக்காமல் புதியதையும் பக்கத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊரை முப்பது குடும்பாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் நம் வார்டு மாதிரி. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். சபை கூடியதும் இருக்கிற நம்பிமாரில், அதாவது கோயில் பூசாரிகளில், மூத்தவர் எழுந்து குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். வாங்குகிறவர் எப்படி வாங்க வேண்டும் என்றுகூடக் கல்லில் இருக்கிறது. ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன் விரலை விரிக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, பின்னாலிருந்து ஒரு குரல்: “கைக்குள்ள வேற சீட்டு வெச்சிருந்தா விழுந்துரும்ல மிஸ்.” எனக்கு இது புரிய ஐந்தாறு வருஷம் ஆனது. சீட்டு விளையாடுகிற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நொடி போதும்.

பள்ளிக்குத் திரும்பியதும் நாங்களும் குடம் வைத்தோம். மொத்தம் 38 பேர். வாரியம் என்றால் குழு. ஏரி வாரியத்துக்குக் குடிநீர்க் குழாய், தோட்ட வாரியத்துக்குப் பின்பக்கத்து முருங்கையும் நான்கு வேம்பும். உத்திரமேரூரில் முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம் என்கிற ஆண்டு வாரியத்துக்கு, பன்னிரண்டு பேர் தோட்டத்துக்கு, ஆறு பேர் ஏரிக்கு. எங்களுக்கு இரண்டு இரண்டு பேர் போதும். சீட்டு எடுக்க ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பொடியனைக் கூப்பிட்டு வந்தோம். ஏரி வாரியத்தில் வந்த பெயர், வருகைப் பதிவுக்கு “உள்ளேன்” சொல்வதைத் தவிர வாயே திறக்காத ஒரு பெண். பெயரைப் படித்ததும் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மறுநாள் காலை எட்டரைக்கு வந்து சொட்டுகிற குழாய்க்கு சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். தேர்தல் வைத்திருந்தால் அவளுக்கு இரண்டு ஓட்டு விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பிள்ளைகள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். குடம்தான் நல்லது, ஓட்டு வேண்டாம். காரணமும் தயாராக இருந்தது. “குலுக்கிப் போட்டா யாரும் தோத்த மாதிரி இருக்காது மிஸ்.” “கேன்வாஸ் பண்ண வேணாம்.” “சண்டை வராது.”

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருஷமாக ‘உலகின் முதல் தேர்தல்’ என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேனே, அது தேர்தலே இல்லை. குலுக்கல். ஆட்களை வடிகட்டிவிட்டு, வடிகட்டியவர்களுக்குள் குலுக்கல். அதைக் குலுக்கல் என்று சொன்னால் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. ஏதென்ஸிலும் பல பதவிகளுக்கு ஆளைக் குலுக்கல் முறையில்தான் எடுத்தார்கள். ஆனால் குலுக்கல் என்று வந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி குடத்தைப் பற்றியது இல்லை. குடத்துக்குள் யாருடைய ஓலை போகிறது என்பதுதான்.

ஜெராக்ஸைத் திரும்ப எடுத்தோம். வரி கட்டுகிற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து வேலிக் கணக்கில் பார்த்தால் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் ஓதி, பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூல்) தெரிந்தவருக்கு நிலம் அரைக்கால் வேலி இருந்தாலே போதும். அது பிரமதேய ஊர், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்தது. சபை என்றால் பிராமணர் சபை. உழுதவர்கள், குயவர்கள், பெண்கள் யாருக்கும் ஓலை கிடையாது. குடத்தைச் செய்தவனின் பெயர் குடத்துக்குள் போகாது என்று சொன்னேன். வகுப்பில் யாரும் பேசவில்லை. எங்கள் பள்ளியில் சொந்த நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை.

அடுத்த பீரியடில் வகுப்புத் தலைவருக்கு ஓட்டு வைப்போம் என்று முடிவானது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, கிண்டலே இல்லாமல் கேட்டான்: “ஏலம் விடலாமா மிஸ்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சாதாரணமாகச் சொன்னான். அவன் தாத்தா ஊரில் அப்படித்தானாம். தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள், அதிகம் கேட்டவர் மட்டும் மனு போடுவார், மற்றவர்கள் போட மாட்டார்கள், போட்டியின்றித் தேர்வு. பணம் கோயிலுக்கு. “அதுல மண்டபம் கட்டிருக்காங்க மிஸ், நல்லா இருக்கும்.” ஏலம் விடுவது குற்றம், மாநிலத் தேர்தல் ஆணையம் இதை எச்சரித்திருக்கிறது என்று நான் சட்டம் பேச ஆரம்பித்தேன். அது அவனிடம் எடுபடவில்லை. அவன் கண் முன்னால் மண்டபம் நிற்கிறதே. முன்பெஞ்சில் ஒரு பெண் திரும்பி அவனிடமே கேட்டாள்: “காசு இல்லாதவங்க எப்படி நிப்பாங்க? அப்ப இதுவும் கால் வேலி நிலம்தானே?” நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். 17 வருஷத்தில் நான் எழுதிப்போட்ட எந்த வேறுபாட்டு அட்டவணையும் இதற்குப் பக்கத்தில் வராது.

பேச்சு இங்கே வந்தபிறகு மதுரை மாவட்டத்து மேலவளவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு என்று ஒதுக்கிய ஒரே காரணத்துக்காகப் பத்து வருஷம் தேர்தலை ஒழுங்காக நடக்கவிடவில்லை. 2006இல்தான் நடந்தது. சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியர், “எதுக்கு டீச்சர் வம்பு, புத்தகத்துல இருக்கறத நடத்துங்க” என்றார். அவர் சொல்வதிலும் அக்கறை இருக்கிறது. ஆனால் 73வது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது என்று மட்டும் நடத்தினால், அது என்னவோ டெல்லியிலிருந்து தபாலில் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

சரி, ஓட்டு.

2019 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எனக்கு வாக்குச்சாவடிப் பணி. இயந்திரம் கிடையாது, வாக்குச்சீட்டுதான். ஒரு ஆளுக்கு நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கிழித்துக் கிழித்துக் கொடுத்ததில் விரல் நுனி மரத்துப்போனது. வயதானவர்கள் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு திகைப்பார்கள். ஒரு பாட்டி நான்கிலும் முத்திரை குத்திவிட்டு, மஞ்சள் சீட்டை மட்டும் பெட்டியில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினார். “இது யாருக்குன்னு தெரியலப்பா, வீட்ல கேட்டுட்டு வரேன்.” சமாதானம் சொல்லி வாங்கிப் போட வைப்பதற்குள் வரிசை வாசல் வரை போய்விட்டது.

அதனால் என் வகுப்புத் தேர்தலில் மடிப்புக்கே கால் பீரியட். முத்திரை குத்தியதும் சீட்டை முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும், பிறகுதான் குறுக்கே. மாற்றிக் குறுக்கே மடித்தால், ஈர மை கீழே இருக்கிற இன்னொரு வேட்பாளர் கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணுகிற மேஜையில் சண்டை அங்கேதான் தொடங்கும். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். ஒரு மடிப்பில் இவ்வளவு இருக்கிறதா என்று, பழைய நோட்டுத் தாளில் மை தொட்டு மடித்து மடித்துப் பார்த்தார்கள். இடது ஆள்காட்டி விரலில் வைக்க மை கேட்டார்கள். மார்க்கர் பேனாதான் இருந்தது. சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு பேர் மதியம் கை கழுவாமலே சாப்பிட்டார்கள்.

நான்கு பேர் நின்றார்கள். 14 ஓட்டு வாங்கியவன் ஜெயித்தான். அவனுக்கு ஓட்டுப் போடாதவர்கள் 24 பேர். அதைக் கணக்குப் போட்டுச் சொன்னது தோற்றவள். அவள் அழவில்லை. “அப்ப மெஜாரிட்டிக்கு அவன் வேணாம்தானே மிஸ்?” என்றாள். நம் முறை அப்படித்தான், இருப்பதில் அதிகம் வாங்கினவர் ஜெயித்தவர் என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் முழுத் திருப்தி உண்டு என்று சொல்ல முடியாது.

இதற்கு நடுவே ஒருவன் கேட்டது இன்னும் உறுத்துகிறது. “எங்க ஊர்ல இப்ப தலைவர் யாரு மிஸ்?” யாரும் இல்லை. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, அப்போது அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பார்த்துவந்தார்கள். முன்பும் 2016 அக்டோபரில் முடிந்து, 2019 கடைசியில்தான் அடுத்த தேர்தல் வந்தது. அதிலும் ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. இவர்களுக்கு வயது 14. அதில் மூன்று வருஷத்துக்கு மேல் இவர்கள் ஊரில் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை. ‘ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறும்’ என்ற வரியைக் கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொல்லி ஒரு மார்க் கொடுக்கிறேன் நான்.

ஆனாலும் கிராம சபை நடக்கிறது. ஆகஸ்ட் 15க்கு அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். போய் ஓரமாக உட்காருங்கள், வாசிக்கிற வரவு செலவில் ஒரே ஒரு வரியை எழுதிக்கொண்டு வாருங்கள். 38 பேரில் 11 பேர் போனார்கள். இரண்டு பேரை “சின்னப் பசங்களுக்கு இங்க என்ன வேலை” என்று விரட்டிவிட்டார்களாம். மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்றார்கள் மூன்று பேர், அதுவாவது உண்மை. ஆறு பேர் வரி கொண்டுவந்தார்கள். தெருவிளக்கு பராமரிப்பு, மோட்டார் பழுது, குளோரின் பவுடர். அதில் ஒருத்தி தன் தெருவில் எரியாத விளக்குகளை எண்ணியும் எழுதியிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தது.

அந்த ஆறு பேர்தான் வம்பை ஆரம்பித்தவர்கள். வகுப்பை அலங்கரிக்கப் பிள்ளைகளே ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு 380 ரூபாய் சேர்த்து லீடரிடம் கொடுத்திருந்தார்கள். சார்ட், ஸ்கெட்ச் பேனா, பசை, துடைப்பம் என்று வாங்கியதை எழுதிப் போட்டால் 357 வருகிறது. மிச்சம் 23 எங்கே? “சில்லறை மிஸ்” என்றான். அப்புறம் “ஞாபகம் இல்ல” என்றான். அவன் திருடுகிற பையன் இல்லை. வழியில் எங்காவது ஐஸ் வாங்கித் தின்றிருப்பான், அல்லது நிஜமாகவே தொலைத்திருப்பான். நான் போட்டுத் தீர்த்துவிடுகிறேன் என்று பர்ஸை எடுத்தேன். வகுப்பே ஒருசேரக் கத்தியது: “நீங்க குடுக்கக் கூடாது மிஸ்!”

கல்வெட்டில் அவர்களுக்கு நன்றாக மனதில் ஏறிய இடம் எது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய உறவினர்களும் கூடாது. உத்திரமேரூர் மண்டபத்தில் அந்தப் பட்டியலை வாசித்தபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், அம்மாவோடு பிறந்த மாமன், அப்பாவோடு பிறந்தவர், அண்ணன் தம்பி, மாமனார், மச்சினன், அக்காள் தங்கை புருஷன், அவர்கள் பிள்ளைகள், மருமகன், அப்பா, மகன். “கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு மிஸ்.” ஊரே ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிற இடத்தில் இந்த விதி என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

மறுநாள் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. அந்த 357 ரூபாயில் வாங்கிய சார்ட்தான். ‘கணக்குக் காட்டாத தலைவரும் அவர் உறவினரும் இந்தப் பள்ளியில் தேர்தலில் நிற்கக் கூடாது.’ கீழே 36 கையெழுத்து. லீடரும், அவன் பக்கத்து சீட்டுக்காரனும் போடவில்லை.

வியாழக்கிழமை மதியம் வராந்தாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வழிமறித்தாள். லீடரின் தங்கை. கையில் பாதி கடித்த பென்சில்.

“மிஸ், எங்க அண்ணன் கணக்கு குடுக்கலன்னா அடுத்த வருஷம் நானும் எங்க கிளாஸ்ல நிக்கக் கூடாதாம். அந்தக் கல்லுல அப்படித்தான் போட்டிருக்காம். நிஜமா மிஸ்?”

பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்தேன். அவளும் எட்டிப் பார்த்தாள். விரலை வைத்து வரி வரியாக இரண்டு பேரும் தேடினோம். உடன்பிறந்தாளைக் கட்டினவன் இருக்கிறான். உடன்பிறந்தாளின் மக்கள் இருக்கிறார்கள். உடன்பிறந்தாள் இல்லை. இன்னொரு தடவை மேலிருந்து பார்த்தோம். மகள் இல்லை, மனைவி இல்லை, அம்மா இல்லை.

“நான் இல்லையா மிஸ்?”

“இல்லம்மா.”

“அப்ப நான் நிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வகுப்புக்கு ஓடிப்போனாள்.